காலேஜில் வாரா வாரம் வரும் டயட்டீஷியனைப் போய்ப் பார்க்கலாமா? ஹாஸ்டலில் இருந்துகொண்டு அதனால் பயன் உண்டா?

செய்யாறு_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறேன், திருவல்லிக்கேணியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். எனக்கு முதல் ஷிஃப்ட், எட்டரைக்கு வகுப்பு ஆரம்பம், ஆனால் ஹாஸ்டலில் டிபன் எட்டு மணிக்குத்தான் தருவார்கள், அதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். அதனால் காலையில் டீயும் பிஸ்கட்டும்தான், சில நாள் அதுவும் இல்லை. வகுப்பு முடிந்து ஒன்றரைக்கு மேல் ஹாஸ்டலுக்கு வந்து சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல். சாயங்காலம் பசிக்கும்போது பஜ்ஜியோ பஃப்ஸோ, கூடவே மறுபடி டீ. ராத்திரி தோசை அல்லது சப்பாத்தி.

இப்போது கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, வகுப்பில் பத்தரை மணிக்கெல்லாம் கண் சொருகுகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிடாய் நாட்களில் எழுந்திருக்கவே முடிவதில்லை. உயரம் 156, எடை 47. "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கு எதுக்கு டயட்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரூம்மேட் இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவரிடம் 3,000 ரூபாய் கட்டி ஒரு பிளான் வாங்கியிருக்கிறாள், சாதமே கிடையாது, ஓட்ஸ், சாலட், ஏதோ ஒரு பவுடர். என்னையும் சேரச் சொல்கிறாள்.

காலேஜ் கவுன்சலிங் அறையில் புதன்கிழமை தோறும் ஒரு டயட்டீஷியன் வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், இலவசம்தான். போகலாமா? அங்கே என்ன கேட்பார்கள்? எல்லோர் முன்னாலும் எடை போட்டுப் பார்ப்பார்களா? பாதாம், அவகாடோ என்று எழுதிக் கொடுத்தால் என்னால் வாங்க முடியாது, ஹாஸ்டலில் சமைக்கவும் விடமாட்டார்கள். வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுவார்களா என்றும் பயமாக இருக்கிறது, அம்மா உடனே படிப்பை விட்டு வா என்பார்கள்.

---

கீரைக்கட்டு எழுதியது:

போங்கள்மா, தயங்காமல் போங்கள். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன், கல்லூரி மாணவிகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் சொல்லும் மூச்சு வாங்குதல், களைப்பு, முடி கொட்டுதல், மாதவிடாயில் படுத்துவிடுவது, இவை எல்லாம் சேர்ந்து வந்தால் டயட் சார்ட்டுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இது ஏதோ உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் உங்கள் பக்கத்திலேயே இருக்கும், அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். கூடவே தைராய்டும் பார்க்க வேண்டுமா என்று அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள். உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், போகிற ரத்தத்தை நிறுத்தாமல் சாப்பாட்டை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

ஒல்லியாக இருந்தால் டயட்டீஷியன் தேவையில்லை என்பது தப்பான எண்ணம். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் கணக்கு, 19-ஐ ஒட்டி வருகிறது, அது சரியான அளவுதான். ஆனால் எடை சரியாக இருப்பதும் சத்து சரியாக இருப்பதும் வேறு வேறு. நீங்கள் எழுதியதை வைத்தே தோராயமாகக் கணக்குப் போடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் புரத அளவு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், 47 கிலோவுக்கு நாளைக்கு 39 கிராம். டீயும் பிஸ்கட்டும் இரண்டு மூன்று கிராம், மதியச் சாப்பாடு தண்ணீர்ச் சாம்பாரோடு சேர்த்து பன்னிரண்டு, பஜ்ஜி மூன்று, ராத்திரி எட்டு ஒன்பது. மொத்தம் இருபத்தேழு வந்தால் அதிகம். குறைகிற பன்னிரண்டு கிராமுக்கு அவகாடோவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம், இரண்டு முட்டை போதும். முட்டை சாப்பிட மாட்டீர்கள் என்றால் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்.

இரும்புச்சத்துதான் கஷ்டம். உங்கள் வயதுப் பெண்களுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும், ஹாஸ்டல் சாப்பாட்டில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். கிடைக்கிற கொஞ்சத்தையும் டீ தடுத்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. டீயை அடியோடு விடச் சொல்லவில்லை, நகர்த்தச் சொல்கிறேன். அதற்குப் பதில் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ பாதி கொய்யாவோ சேருங்கள், எலுமிச்சை பிழிந்த சுண்டல் ஆனாலும் சரி, வைட்டமின் சி கூட இருந்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். ஜாம் பஜார் உங்களுக்கு நடக்கிற தூரம்தானே, கொய்யாவும் நெல்லிக்காயும் அங்கே மலிவாகக் கிடைக்கும். அசைவம் என்றால் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) கேளுங்கள், நம் ஊரில் ரத்தம் ஊற அதைத்தான் கொடுப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட கேள்விகள். ஒழுங்கான டயட்டீஷியன் முதலில் உங்கள் நேற்றைய நாளைக் கேட்பார், காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எங்கே. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எப்படி, மாதவிடாய் எப்படி, தூக்கம் எப்படி, மாதம் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்று கேட்பார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்றும் கேட்பார், காலேஜில் டாய்லெட் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் அத்தனை பேர். எடை தனியாகத்தான் பார்க்க வேண்டும். எல்லோர் முன்னாலும் பார்க்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, நம்பர் எனக்குத் தெரிய வேண்டாம், நீங்கள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லலாம். உங்களுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது. உள்ளே போனதும் முதல் கேள்வியாக இதையே கேட்டுவிடுங்கள், மனசு நிம்மதியாகும்.

ஹாஸ்டல் மெனுவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், டைம்டேபிளையும். அந்த இரண்டையும் பார்க்காமல் அச்சடித்த சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்தால் அது ஆலோசனையே இல்லை, அடுத்த வாரம் போய் "இதில் என்னால் முடிந்தது இவ்வளவுதான், மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான், ஒரு தடவை பார்த்து முடிகிற விஷயம் இல்லை.

3,000 ரூபாய் பிளான் கொடுத்தவரின் படிப்பு என்ன என்று ரூம்மேட்டைக் கேட்கச் சொல்லுங்கள். சத்துணவியலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிப்பு இங்கேயே மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, எத்திராஜ் போன்ற இடங்களில் இருக்கிறது, அதற்கு மேல் இந்திய டயட்டெடிக் சங்கத்தின் தேர்வு எழுதிப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ரத்த ரிப்போர்ட்டைக் கேட்காமல் சாதத்தை நிறுத்தச் சொல்பவர் இவர்களில் யாராகவும் இருக்க வாய்ப்பில்லை.

---

கிண்டி_மெக்கானிக்கல் எழுதியது:

சகோ, மேலே அக்கா சொன்னதற்கு மேல் மருத்துவமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சமைக்க விடாத ஹாஸ்டலில் எப்படி ஓட்டுவது என்று மட்டும் சொல்கிறேன், நாங்கள் ரூமில் மூன்று பேர் இப்படித்தான் சாப்பிடுகிறோம்.

கெட்டில் அனுமதி உண்டா என்று வார்டனிடம் கேளுங்கள். முட்டை அவிக்க அது போதும். அனுமதி இல்லை என்றால் ஹாஸ்டல் சமையல்கார அண்ணனிடமோ அக்காவிடமோ மாதக் கணக்கு பேசிவிடுங்கள், "ராத்திரி எனக்கு இரண்டு முட்டை அவித்து வையுங்கள், காலையில் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஓட்டோடு அப்படியே விட்டு, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள், மெட்ராஸ் வெயிலுக்கு வெளியே வைத்தால் நம்ப முடியாது.

பச்சைப்பயறு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் அதற்கடுத்த நாள் முளைத்திருக்கும். அதைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், உப்பும் எலுமிச்சையும் போதும். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை எப்போதும் டப்பாவில் இருக்கட்டும். ஊரில் அம்மா சத்துமாவு அரைத்துத் தருவார்கள் என்றால் அதைவிட நல்ல காலை உணவு கிடையாது, கேழ்வரகு கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள், 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. சூடான பாலில் கரைத்துக் குடித்துவிட்டு எட்டு மணிக்குள் ஓடிவிடலாம்.

இன்னொன்று, காலேஜ் போகிற வழியில் அம்மா உணவகம் இருக்கிறதா பாருங்கள். 2013-இல் ஆரம்பித்ததிலிருந்து இட்லி ஒரு ரூபாய்தான், பொங்கல் ஐந்து ரூபாய். நாலு இட்லி சாப்பிட்டு, கையில் இருக்கிற முட்டையையும் தின்றால் பத்தரை மணித் தூக்கம் வராது. அங்கே சாப்பிடுவதில் கூச்சம் எதற்கு, எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் பரீட்சை நேரத்தில் அங்கேதான் நிற்போம்.

பவுடர் விஷயத்தில் ஜிம்மில் எனக்கும் விற்கப் பார்த்தார்கள். அக்கா சொன்ன அதே 2024 வழிகாட்டி புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

---

ஸ்டாஃப்ரூம் எழுதியது:

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆசிரியர், எங்கள் விடுதி மெஸ் கமிட்டியிலும் இருக்கிறேன். மாணவர்களுக்கு மட்டும் புத்திமதி சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்து வந்திருந்தால், பள்ளிக்கூடத்தில் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை கிடைத்திருக்கும். 1982-இல் விரிவாக்கிய திட்டம், நாற்பது வருடமாக இந்த மாநிலம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கிறது, 2022-இலிருந்து தொடக்கப் பள்ளியில் காலை உணவும் போடுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்கு வருவதற்குள் முட்டையும் நின்றுவிடுகிறது, காலை உணவும் நின்றுவிடுகிறது, கேட்கவும் ஆளில்லை. பதினெட்டு வயதுக்கு மேல் பசிக்காதா? மாதவிடாயும் படிப்பும் பகுதி நேர வேலையும் சேர்ந்து தேவை அதிகமாகிற வயது இது.

அதனால் என் யோசனை, டயட்டீஷியனைப் பாருங்கள், அதோடு ஹாஸ்டலில் எட்டரை மணி வகுப்புக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலும் போதும், ஒரு கடிதம் எழுதி ஹாஸ்டல் நடத்துகிறவரிடம் கொடுங்கள். ஏழே காலுக்கு டிபன் தர முடியாவிட்டால் டப்பாவில் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். இட்லியும் பொடியும் கட்டுவதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் விடுதியில் இப்படிக் கேட்டு வந்த பிறகுதான் ஏழு மணிக்கு இட்லிப் பானை ஏறியது, சமையல்காரர்களின் நேரத்தை மாற்றி அமைத்தோம், அவர்களுக்கு ராத்திரி சீக்கிரம் விடுதலை கிடைத்தது, யாருக்கும் மனக்குறை இல்லை. சாம்பாரில் பருப்பைக் கூட்டுவது பற்றியும், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போடுவது பற்றியும் பேசுங்கள். எண்ணெய் விற்கிற விலையில் சுண்டல் அவர்களுக்கும் லாபம்தான், அதைச் சொல்லியே கேளுங்கள்.

காலேஜ் கேன்டீன் பற்றியும் கேட்க வழி இருக்கிறது. கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2016-இல் சொன்னது, 2018-இல் துணைவேந்தர்களுக்கு மறுபடி கடிதம் எழுதியது, 2024-இலும் நினைவூட்டியது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஈட் ரைட் கேம்பஸ்' சான்றிதழுக்குக் கல்லூரிகளும் விண்ணப்பிக்கலாம். இதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை, மாணவர் மன்றம் வழியாக ஒரு மனுவில் இந்த வருடங்களைக் குறிப்பிட்டாலே கல்லூரி முதல்வர் அலுவலகம் கவனிக்கும். கவுன்சலிங் அறைக்கு வரும் டயட்டீஷியனையும் மாதம் ஒரு முறை கேன்டீன் மெனுவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்நூறு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவதை விட ஒரு மெனுவை மாற்றுவது சீக்கிரம் நடக்கும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா உங்களுக்கு? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வர வேண்டும், வரவில்லை என்றால் கல்லூரியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தப் பணத்தில் முதலில் சாப்பாட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

---

மழைக்காலம் எழுதியது:

எனக்கு இந்தக் கேள்வியில் ரூம்மேட் பற்றித்தான் கவலை. சாதமே தொடாமல் இருப்பது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, சாப்பிட்டதும் பாத்ரூம் போவது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை எடை பார்ப்பது, மாதவிடாய் நின்றுபோவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அது டயட் இல்லை, நோய். என் தங்கைக்கு இப்படி வந்தபோது வீட்டில் எல்லோரும் "நல்லா இளைச்சிட்டியே" என்று பாராட்டினோம், அந்தப் பாராட்டுதான் அவளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியது. எடையைப் பற்றி அவளிடம் எதுவும் பேசாதீர்கள், நல்லதாகக்கூட. "நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, நானும் புதன்கிழமை போகிறேன், கூட வருகிறாயா" என்று மட்டும் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இதற்கு டயட்டீஷியன் ஒருவர் மட்டும் போதாது, மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

---

செய்யாறு_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தேன், 9.4 வந்திருக்கிறது. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார், நாளைக்கு ஒன்று. புதன்கிழமை டயட்டீஷியனையும் பார்த்தேன், தனி அறைதான், மெனு எழுதிய தாளை வாங்கி அரை மணி நேரம் பார்த்தார், பாதாம் என்ற பேச்சே வரவில்லை. ரூம்மேட் இந்த வாரம் வரவில்லை, யோசிக்கிறேன் என்றாள். டிபன் விஷயத்தில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா? ஹாஸ்டலில் ராத்திரி தயிர் தருவார்கள், அதோடு மாத்திரை போடலாமா?

---

கீரைக்கட்டு எழுதியது:

நிறுத்தாதீர்கள்மா. 9.4 என்பது நடுத்தர ரத்தசோகை, சாப்பாட்டினால் மட்டும் அது சீக்கிரம் ஏறாது, மாத்திரை வேண்டும். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயம் வேண்டாம். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு போனாலோ வயிற்று வலி இருந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக உடம்பில் சேரும், ஆனால் உங்களுக்குக் குமட்டுவதால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் குமட்டல் தெரியாது. தயிரோடு வேண்டாம், பாலில் உள்ள கால்சியம் இரும்பைத் தடுக்கும். தயிரை மதியத்துக்கு மாற்றிக் கேளுங்கள், ராத்திரி மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றவோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கவோ முடியுமா என்று டாக்டரையே கேளுங்கள், நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அந்த ரிப்போர்ட்டை டயட்டீஷியனிடமும் காட்டுங்கள். 12 தொட்டுவிட்டது என்று மாத்திரையை விடுகிறவர்கள் நிறைய, உடம்பில் இரும்பு சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் சுமார் மூன்று மாதம் வேண்டும்.

உதிரப்போக்கு பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை.